குண்டு தள்ளாது, துளைக்கும்

தீபாவளிக்கு வந்த படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது அக்கா மகன் கேட்டான்: "மாமா, நீங்க என்எஸ்ல சுட்டிருக்கீங்கல்ல? ஆளு நிஜமாவே அப்படிப் பறப்பானா?" படத்தில் அடியாள் ஒருவன் நெஞ்சில் ஒரே ஒரு குண்டு வாங்கி, கால் இரண்டும் தரையை விட்டு எழும்பி, பின்னால் இருந்த கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு போய் விழுந்திருந்தான். அரங்கு முழுக்க விசில். என் மருமகனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஜனவரியில் என்எஸ் என்னும் தேசிய சேவைக்காக, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்காக, டெக்கோங் தீவுக்குப் படகேறுகிறான். அவன் கேட்ட கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது எனக்குப் புரிந்தது. வாங்குகிறவன் அப்படிப் பறந்தால், சுடுகிறவன் தோள் என்னவாகும்?

தேக்கா கோப்பிக்கடையில் ஆளுக்கொரு தே தாரே வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு டிஷ்யூ தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தத் தாளில் எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நம் சிங்கப்பூரில் துப்பாக்கி என்பது போலீஸ்காரர் இடுப்பில் பார்ப்பது, தேசிய சேவையில் தொடுவது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் சினிமா கற்றுத் தந்தது. சினிமா இதில் மட்டும் மிகத் தவறாகக் கற்றுத் தருகிறது.

நான் சேவை செய்தது எண்பதுகளின் கடைசியில். கையில் எம்16 ரைபிள். அன்றைக்கெல்லாம் ரேஞ்சுக்குப் போனால் ஒரு குழு சுடும், இன்னொரு குழு இலக்குகளுக்குக் கீழே கான்கிரீட் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். சட்டத்தில் ஒட்டிய தாள் இலக்கை மேலே ஏற்றுவது, சுட்டு முடிந்ததும் இறக்கி ஓட்டைகளை எண்ணுவது, பசை தடவிய சின்னத் தாள் துண்டால் ஒவ்வோர் ஓட்டையையும் ஒட்டுவது, மறுபடி ஏற்றுவது. நாள் முழுக்க இதே வேலை. தலைக்கு மேலே அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இலக்கு ஆடும், சட்டம் அதிரும் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். ஒன்றும் ஆடவில்லை. தாளில் திடீரென்று ஓர் ஓட்டை இருக்கும், அதன் வழியாக வானம் தெரியும். அவ்வளவுதான். ஒரு காற்று அடித்தால் ஆடுகிற சட்டம் அது. ராணுவத் துப்பாக்கியின் குண்டுக்கு ஆடவில்லை.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். 'தோட்டா பாய்ந்தது' என்று பேச்சில் சொல்கிறோம். தோட்டா என்பது பித்தளை உறை, அதன் அடியில் பொறிமருந்து, உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு, இந்த நான்கும் சேர்ந்த முழுப் பொருள். விசையை இழுத்தால் உள்ளே ஒரு முள் பொறிமருந்தைத் தட்டும், மருந்து எரிந்து வாயுவாகும், அந்த வாயு குண்டைக் குழல் வழியாகத் தள்ளும். பறந்து போவது குண்டு மட்டும். காலி உறை துப்பாக்கியின் பக்கவாட்டில் துள்ளி விழும். உறையோடு சேர்ந்து முழுத் தோட்டாவும் காற்றில் பறப்பதுபோல் சில போஸ்டர்களில் போடுகிறார்கள். அப்படி நடக்க வழியே கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். குழலுக்குள் வாயு குண்டை எவ்வளவு முன்னே தள்ளுகிறதோ, அவ்வளவு துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம், மொமென்டம். குண்டுக்குக் கிடைத்த உந்தம் எவ்வளவோ அவ்வளவும் சுட்டவன் கைக்கும் தோளுக்கும் வந்து சேர்ந்தே தீரும். ஆகவே குண்டு வாங்குகிறவனுக்குக் கிடைக்கும் தள்ளு, சுட்டவன் ஏற்கெனவே வாங்கிய தள்ளைவிடப் பெரிதாக இருக்க முடியாது. சொல்லப்போனால் கொஞ்சம் குறைவு. ஏனென்றால் குண்டுக்குப் பின்னாலேயே சீறி வெளியேறும் வாயுவின் உதையும் சுட்டவனுக்குத்தான் சேரும். குண்டோ வழி நெடுகக் காற்றில் வேகத்தை இழந்துகொண்டே போகும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் குண்டு சுமார் 8 கிராம், வேகம் வினாடிக்கு சுமார் 360 மீட்டர். பெருக்கினால் உந்தம் ஏறக்குறைய 2.9. இதை அப்படியே 70 கிலோ எடையுள்ள ஆள் வாங்கிக்கொண்டால் அவர் பின்னே நகரும் வேகம் வினாடிக்கு 4 சென்டிமீட்டர். எம்16 குண்டு 3.6 கிராம்தான், ஆனால் வேகம் 990 மீட்டர். அதற்கும் 5 சென்டிமீட்டர்தான் வருகிறது. நாம் சாதாரணமாக நடக்கும் வேகமே வினாடிக்கு 140 சென்டிமீட்டர். குண்டு உடம்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டால் இந்த 4, 5 கூட முழுதாகக் கிடைக்காது. குண்டு உள்ளே விட்டுச்சென்ற பங்கு மட்டுமே தள்ளும். என் குழியின் தாள் ஏன் ஆடவில்லை என்பதற்கும் இதுதான் காரணம். தாள் குண்டை நிறுத்தவே இல்லை, அதனால் குண்டும் தாளைத் தள்ளவில்லை.

அக்கா மகன் நம்பாமல் பார்த்தான். வீட்டில் 5 கிலோ அரிசிப் பையைத் தரையில் வைக்கும்போது இரண்டு சென்டிமீட்டர் இருக்கையில் கைவிட்டுவிடுவோமே, அந்த அரிசிப் பை தரையில் மோதும் உந்தமும் கைத்துப்பாக்கிக் குண்டின் உந்தமும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றேன். கிரிக்கெட் ஆடுகிறவன் என்பதால் இன்னொன்றும் சொன்னேன். 160 கிராம் பந்து மணிக்கு 140 கிலோமீட்டரில் வந்தால் அதன் உந்தம் 6.2. கைத்துப்பாக்கிக் குண்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நெஞ்சில் பந்து வாங்கிய பேட்ஸ்மேன் யாரும் விக்கெட் கீப்பரைத் தாண்டிப் பறந்ததில்லை.

அந்த அடியாள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போன வேகம் வினாடிக்கு 3 மீட்டராவது இருக்கும். 70 கிலோ உடம்புக்கு அந்த வேகம் வர 210 உந்தம் வேண்டும். அதாவது ஏறக்குறைய எழுபது கைத்துப்பாக்கிக் குண்டுகள் ஒரே கணத்தில் பாய்ந்து, எழுபதும் உடம்புக்குள்ளேயே நின்றாக வேண்டும். படத்தில் காட்டியதுபோல ஒரே குண்டில் அது நடந்திருந்தால், சுட்ட கதாநாயகனும் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் பறந்திருக்க வேண்டும். அவர் கூலிங் கிளாஸ்கூட நகராமல் நின்றார். தள்ளு அதிகம் என்று பெயரெடுத்த ஷாட்கன்னுக்கும் கணக்குப் பார்த்துவிட்டேன். 28 கிராம் ஈயம் 400 மீட்டர் வேகத்தில் வந்தால் ஆளுக்குக் கிடைப்பது வினாடிக்கு 16 சென்டிமீட்டர். ஓர் அடி பின்வைத்தால் சமாளித்துவிடலாம்.

இதை ஒருவர் தன் உடம்பிலேயே செய்து காட்டியிருக்கிறார். ரிச்சர்ட் டேவிஸ், அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பீட்சா கடை நடத்தியவர். எழுபதுகளில் மெல்லிய குண்டு துளைக்காத உடுப்பைச் செய்து விற்கத் தொடங்கினார். போலீஸ்காரர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக அதை அணிந்துகொண்டு கைத்துப்பாக்கியால் தன்னைத் தானே சுட்டுக் காட்டினார், அதுவும் நூறு முறைக்கு மேல். அந்த உடுப்பு குண்டை நிறுத்துவதால் உந்தம் முழுவதும் உடம்புக்கு வந்துவிடும். பறப்பதாக இருந்தால் அப்போதுதான் பறக்க வேண்டும். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். சினிமாவில் பறக்கிறவருக்கு சட்டைக்குள் பட்டை கட்டி, அதில் கம்பி மாட்டி, பின்னாலிருந்து இழுக்கிறார்கள். கம்பியைக் கணினியில் அழித்துவிடுகிறார்கள்.

இவ்வளவு சின்னத் தள்ளு என்றால் குண்டு ஏன் கொல்கிறது? இந்த இடத்தில்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது. உந்தம் சுட்டவனுக்கும் பட்டவனுக்கும் ஏறத்தாழ சமம். ஆற்றல் சமமில்லை. உந்தம் வேகத்தோடு மட்டும் கூடும், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். எம்16 சுடும்போது குண்டு 1,750 ஜூல் ஆற்றலோடு போகிறது. மூன்று கிலோ துப்பாக்கி மெதுவாகத்தான் பின்னே நகர்கிறது, அதன் ஆற்றல் சுமார் 5 ஜூல். முந்நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். முதல் முறை சுட்டபோது என் தோளில் உணர்ந்ததை நண்பன் பின்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டியதற்குத்தான் ஒப்பிடுவேன். அந்தக் கிரிக்கெட் பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உந்தத்தில் கைத்துப்பாக்கிக் குண்டைவிட இரண்டு மடங்கு, ஆற்றலிலோ கால் பங்கு. பந்துக்கு 120 ஜூல், குண்டுக்கு 520 ஜூல். அந்த 520 ஜூலும் சுண்டுவிரல் நகம் அளவு பரப்பில் வந்து இறங்குகிறது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். விடியற்காலையில் கன்னத்தில் அலகு போடும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். அலகு போடுகிறவர் கன்னத்தின் உட்பக்கம் ஒரு விரலை வைத்துக்கொண்டு, திருநீறு தொட்டு, மெல்ல ஓர் அழுத்து அழுத்துவார். வேல் மறுபக்கம் வந்துவிடும். பக்தரின் தலை ஓர் அங்குலம்கூடச் சாயாது. அதே விசையை உள்ளங்கையால் கொடுத்தால் கன்னம் கொஞ்சம் குழியும், அவ்வளவுதான். தள்ளுவது வேறு, துளைப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை. அலகுக்கு அந்தத் திறமையைக் கொடுப்பது முனையின் கூர்மை, குண்டுக்குக் கொடுப்பது வேகம். அலகு தசை இழைகளை விலக்கிக்கொண்டு போகிறது, அதனால் நோகாமல் ஆறுகிறது. குண்டு கிழித்து நசுக்கிக்கொண்டு போகிறது.

அந்த நசுக்கலைத்தான் மருத்துவர்கள் நூறு வருடங்களுக்கு மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள். தைராய்டு அறுவைக்காக 1909ல் நோபல் பரிசு வாங்கிய சுவிட்சர்லாந்து மருத்துவர் தியோடர் கோக்கர், களிமண்ணிலும் நீர் நிரப்பிய கலன்களிலும் சுட்டுப் பார்த்துக் குண்டுக் காயங்களைப் பற்றி எழுதியவர். பிறகு வியட்நாம் போரில் அறுவை மருத்துவராக இருந்த மார்ட்டின் ஃபேக்லர், 1981ல் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க ராணுவத்துக்காக இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். பத்து சதவீத ஜெலட்டினைக் குளிர்வித்துக் கட்டியாக்கி, அதற்குள் சுட்டார். பார்ப்பதற்கு நம் வீட்டில் பெருநாளுக்குச் செய்கிற அகர் அகர் மாதிரிதான் இருக்கும், ஆனால் தசையைப்போல நடந்துகொள்ளும், உள்ளே நடப்பதும் தெரியும்.

உள்ளே இரண்டு காரியம் நடக்கிறது. குண்டு தன் பாதையில் இருப்பதை நசுக்கி ஒரு நிரந்தரக் குழியை உண்டாக்குகிறது. வேகமான குண்டாக இருந்தால் சுற்றியுள்ள சதையையும் வெளிப்பக்கம் எறிந்து, சில மில்லிவினாடிகளுக்குப் பெரியதொரு தற்காலிகக் குழியைத் திறக்கிறது. அது உடனே மூடிக்கொள்ளும். நுரையீரலும் தசையும் மீள்தன்மை உள்ளவை, ஓரளவு தாங்கும். கல்லீரல் தாங்காது, பிளந்துவிடும். எம்16 காலத்துக் குண்டு இன்னும் ஒன்று செய்தது. சுமார் 12 சென்டிமீட்டர் ஆழம் போனதும் பக்கவாட்டில் புரண்டு, வேகம் போதுமான அளவு இருந்தால் உடைந்து சிதறியது. வெளியே பார்த்தால் பென்சில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே நடந்தது வேறு. ஆளைத் தூக்கி எறிந்து காட்டுகிற சினிமா உண்மையில் குண்டின் கொடூரத்தைக் குறைத்துத்தான் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சேதம் முழுவதும் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

அப்புறம், குண்டு பட்டதும் ஆள் விழுந்துவிடுவானா? மூளையிலோ தண்டுவடத்தின் மேற்பகுதியிலோ பட்டால் அந்தக் கணமே கீழே சரிவான். பறக்க மாட்டான், நூல் அறுந்த பொம்மையைப்போல நின்ற இடத்திலேயே மடிவான். மற்ற இடங்களில் பட்டால் இரத்தம் போய்த்தான் நிலைகுலைய வேண்டும். இதயமே சிதைந்தாலும் மூளையில் பத்துப் பதினைந்து வினாடி செயல்படப் போதுமான ஆக்சிஜன் மிச்சமிருக்கும் என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 1989ல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கைக்குப் பின்னால் ஒரு சோகம் உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையரை எஃப்பிஐ ஆட்கள் மடக்கினார்கள். சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போன குண்டு, நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனால் அதற்குப் பிறகும் அவன் சில நிமிடங்கள் சண்டையிட்டான். எஃப்பிஐ தரப்பில் இருவர் இறந்தார்கள்.

பட்டதே தெரியாமல் இருந்தவர்களும் உண்டு. 1981 மார்ச் 30 அன்று சுடப்பட்ட அமெரிக்க அதிபர் ரீகன், காருக்குள் தன்னைத் தள்ளிய பாதுகாவலர் விலா எலும்பை உடைத்துவிட்டார் என்றுதான் நினைத்தார். வாயில் இரத்தம் வந்த பிறகே சந்தேகம் வந்தது. மருத்துவமனை வாசலில் தானே இறங்கி நடந்து, உள்ளே போய்த்தான் சரிந்தார். 1912ல் மில்வாக்கியில் நெஞ்சில் குண்டு வாங்கிய முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், சட்டைப் பையிலிருந்த உரைத் தாள்களிலும் கண்ணாடிக் கூட்டிலும் அதன் வேகம் குறைந்ததால் பிழைத்தார். மேடையேறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டவர் எம்.ஆர். ராதா. ராதா உடம்பிலும் குண்டு பாய்ந்திருந்தது. இருவருமே பிழைத்தார்கள். கழுத்தில் கட்டோடு இருக்கும் எம்.ஜி.ஆரின் படம் அடுத்த மாதத் தேர்தலில் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. இங்கே சிராங்கூன் சாலைப் பக்கம் பழைய கடைகளில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்தக் குண்டு அவருடைய குரலைக் கெடுத்துவிட்டது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள், முதலமைச்சராக இருந்த காலத்திலும், அவர் அந்தக் குழறிய குரலில்தான் பேசினார். திரையில் தோள்பட்டையில் குண்டு வாங்கிய கதாநாயகன் அடுத்த காட்சியிலேயே பாட்டுக்கு ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் நினைவுக்கு வரும்.

அந்தத் தோள்பட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'தோள்லதானே பட்டிருக்கு' என்று ஒரு வசனம் எப்போதும் வரும். தோளுக்குள் கழுத்தெலும்புக்குக் கீழே கைக்குப் போகும் பெரிய தமனி ஓடுகிறது. கையை இயக்கும் நரம்புகள் எல்லாம் ஒன்றாகக் கூடும் நரம்புப் பின்னலும் அங்கேதான். தமனி அறுந்தால் உயிர், நரம்பு அறுந்தால் கை. தொடையும் பத்திரமான இடம் கிடையாது. தொடைத் தமனி அறுந்து, கட்டுப் போடாமல் விட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். இப்படித் தோளிலோ தொடையிலோ பட்டால், அந்த இடத்தில் துணியைத் திணித்து, இரண்டு கையாலும் முழு எடையைப் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் முதல் உதவி. கையோ காலோ என்றால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவது. வேலையிடத்தில் இயந்திரத்தில் சிக்கிக் கை கிழிந்தாலும், சாலையில் கண்ணாடி கிழித்தாலும் இதே முறைதான், கூடவே ஆம்புலன்சுக்கு 995. 'நல்லாத்தானே பேசுறாரு' என்று யாரையும் விட்டுவிடக் கூடாது. ரீகனும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

கத்தியைத் தீயில் காட்டி, பிராந்தி ஊற்றி, குண்டைத் தோண்டி எடுத்துத் தட்டில் 'டிங்' என்று போடுகிற காட்சியும் அப்படித்தான். குண்டை எடுப்பது அவசரமே இல்லை. ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் அதை அங்கேயே விட்டுவிடுவார்கள். ரூஸ்வெல்ட் தன் குண்டை நெஞ்சில் வைத்துக்கொண்டே இன்னும் ஆறு வருடங்களுக்கு மேல் வாழ்ந்து 1919ல் இறந்தார். தோண்டியதால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் கதை இருக்கிறது. 1881 ஜூலை 2 அன்று சுடப்பட்டவர் அவர். மருத்துவர்கள் கழுவாத விரல்களையும் கருவிகளையும் மறுபடி மறுபடி காயத்துக்குள் விட்டுக் குண்டைத் தேடினார்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் உலோகத்தைக் கண்டறியும் கருவியோடு வந்தும் தேடினார், கிடைக்கவில்லை. சீழ் பிடித்து 79 நாள் துன்பப்பட்டு இறந்தார்.

சத்தத்துக்கு வருகிறேன். சைலென்சர் மாட்டினால் பூனை தும்முவதுபோல 'ப்சிக்' என்று கேட்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. நிஜத் துப்பாக்கியின் சத்தம் 160 டெசிபெல் வரை போகும். சைலென்சர் அதில் இருபது முதல் முப்பத்தைந்து வரை குறைக்கும். மிச்சமே காதைப் பிடித்துக்கொள்ள வைக்கும் சத்தம்தான். 1909ல் அதற்குக் காப்புரிமை வாங்கிய ஹிராம் பெர்சி மாக்சிமின் தந்தைதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். அந்தத் தந்தை கடைசிக் காலத்தில் காது கேளாதவராகத்தான் இருந்தார். சைலென்சர் குழல் வாயில் வெளியேறும் வாயுவை மட்டுமே அடக்கும், குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தத்தை ஒன்றும் செய்யாது. நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 350 மீட்டர். எம்16 குண்டு அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 300 மீட்டர் தள்ளிக் குழியில் இருந்தபோது முதலில் தலைக்கு மேலே சாட்டை சொடுக்கியதுபோல 'டக்' என்று கேட்கும். அரை வினாடி கழித்துத்தான் தூரத்திலிருந்து துப்பாக்கியின் 'தும்' வந்து சேரும். அந்த 'தும்' கேட்கும்போது தாளில் ஓட்டை ஏற்கெனவே விழுந்திருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈயமும் செம்பும் இரும்பில் பட்டால் தீப்பொறி தெறிப்பது அபூர்வம், திரையில் தெறிப்பது அதற்கென்று செய்த மருந்து. சாதாரணக் குண்டு கார் பெட்ரோல் டாங்க்கில் ஓட்டை போடும், வெடிக்க வைக்காது. கார்க் கதவு வெறும் தகரம், கைத்துப்பாக்கிக் குண்டையும் நிறுத்தாது. தண்ணீரோ நன்றாக நிறுத்தும். காற்றைவிடச் சுமார் எண்ணூறு மடங்கு அடர்த்தி என்பதால், வேகமான ரைபிள் குண்டுகள் ஒரு மீட்டருக்குள்ளேயே உடைந்துவிடும். விசையை விடாமல் பிடித்துத் தொடர்ந்து சுட்டால் முப்பது தோட்டா மூன்று வினாடிகளில் தீர்ந்துவிடும் என்பதையும் சண்டைக்காட்சி எடுக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குண்டு இல்லாத வெறும் தோட்டாவைப் பற்றிய அலட்சியம்தான் எனக்கு மிகவும் பயமாக இருப்பது. படப்பிடிப்பில் பயன்படுத்தும் வெற்றுத் தோட்டாவில் குண்டு இருக்காது, மருந்து இருக்கும். குழல் வாயில் சீறும் வாயு பக்கத்தில் இருந்தால் கொல்லும். 1984ல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற இளம் அமெரிக்க நடிகர் படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டாதானே என்று விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து விசையை இழுத்தார். மண்டையோடு உடைந்து, சில நாளில் இறந்தார். 1993 மார்ச்சில் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ படப்பிடிப்பிலேயே இறந்தார். அதற்கு முந்தைய காட்சிக்காகச் செய்த போலித் தோட்டாவின் குண்டு யாரும் கவனிக்காமல் குழலுக்குள் சிக்கியிருந்தது. அடுத்த முறை வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது, பின்னால் வந்த வாயு அந்தக் குண்டை நிஜமாகவே வெளியே தள்ளிவிட்டது. அவருக்கு வயது 28. சுட்டவர் சக நடிகர், நடிப்பு என்றே நினைத்துச் சுட்டார்.

"அப்போ ரேஞ்சுல எதுக்கு மாமா பயப்படணும்?" என்று கேட்டான் அக்கா மகன். தோளுக்குப் பயப்படாதே, காதில் அடைப்பானைச் சரியாகப் போட்டுக்கொள், குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை ஒரு கணமும் மறக்காதே, காலி உறையை எண்ணி ஒப்படை என்றேன். கடைசியாகச் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. வெறும் பித்தளைதானே என்றான்.

இந்த ஊரில் வெறும் பித்தளை என்று ஒன்று கிடையாது. ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலோ சுட முயன்றாலோ, யாருக்கும் எதுவும் ஆகாவிட்டாலும், மரண தண்டனை என்று 1973லேயே சட்டம் வந்துவிட்டது. சுட்டுமுடித்த காலி உறையை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதும் எங்கள் காலத்தில் குற்றம். அதனால்தான் ரேஞ்சை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொருவரும் தன்னிடம் தோட்டாவோ உறையோ எதுவும் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

எங்கள் காலத்தில் ஒருநாள் கணக்கில் ஓர் உறை குறைந்தது. லாரி காத்து நின்றது, இருட்டத் தொடங்கிவிட்டது. நாற்பது பேரும் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக மண்டியிட்டு, லாலான் புல்லை விரலால் கோதிக்கொண்டே தவழ்ந்து போனோம். முழங்காலெல்லாம் செம்மண். ஒன்றரை மணி நேரம் ஆகியும் கிடைக்கவில்லை. அப்புறம் எனக்குப் பக்கத்தில் தவழ்ந்த பையன் முதுகைச் சொறிந்துகொண்டே நிமிர்ந்தான். சுடும்போது சூடாகத் துள்ளிய உறை அவன் காலருக்குள் விழுந்து, முதுகு வழியாக இறங்கி, பெல்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றியபோது இடுப்புக்கு மேலே உறையின் வாய் அளவுக்கு வட்டமாக ஒரு சூட்டுக் காயம் சிவந்திருந்தது.

"சுட்டப்போ தெரியலையாடா?" என்று சார்ஜண்ட் கேட்டார்.

"எறும்புன்னு நினைச்சேன் சார்ஜண்ட்," என்றான்.

அவர் அந்த உறையை அவன் கையில் கொடுத்து, பெட்டியில் அவனையே போடச் சொன்னார். பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் எங்களை லாரியில் ஏறவிட்டார்.